தாய்லாந்திலிருந்து பிரிட்டனுக்கு ஊர் போய்வர: எந்தக் காகிதம், எப்போது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் லண்டனில் பல ஆண்டுகள் வேலை பார்த்து பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய தமிழர். வயது 67. ஓய்வு பெற்ற பிறகு தாய்லாந்தின் கடலோர ஊரான ஹுவா ஹின்னில் வீடு எடுத்து இருக்கிறார். மனைவி தாய்லாந்துக்காரர், எட்டு வயதில் ஒரு மகள். ஜூலை 10 வாக்கில் மூவரும் கிளம்பி ஆறு வாரம் லண்டனில் இருந்துவிட்டு வரவேண்டும். தாய்லாந்தில் தங்க ஆண்டுதோறும் நீட்டித்து வாங்கும் அவருடைய ஓய்வுகால அனுமதி (எக்ஸ்டென்ஷன்) ஆகஸ்ட் 15 அன்று முடிகிறது. மகளிடம் தாய்லாந்து பாஸ்போர்ட் மட்டும் இருக்கிறது. "என் நாட்டுக்கு நான் போக என்ன காகிதம் வேண்டிக் கிடக்கிறது? மனைவிக்கு மட்டும் விசா எடுத்தால் போதாதா?" என்று கேட்கிறார்.

போதாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஹீத்ரோ வாசலைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அதற்கு உள்ளே இருக்கும் ஆஸ்பத்திரி, வங்கி, ஓட்டுநர் உரிமம், பயணக் காப்பீடு எல்லாம் உங்கள் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. நீங்கள் அங்கே வசிக்கிறீர்களா என்றுதான் பார்க்கின்றன. ஊர் போகும் வெளிநாட்டுவாசிகளுக்கு வரும் தலைவலியில் பாதி இதைக் கவனிக்காததால் வருவது. மீதிப் பாதி, தாய்லாந்தில் உங்கள் இருப்பு மொத்தமும் பாஸ்போர்ட்டில் குத்திய ஒரே ஒரு ஸ்டாம்பை நம்பி இருக்கிறது என்பதை மறந்து விமானம் ஏறுவதால்.

அந்த ஸ்டாம்பிலிருந்தே தொடங்குவோம். எக்ஸ்டென்ஷன் என்பது தாய்லாந்துக்குள் இருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். திரும்பி நுழைவதற்கான ரீ-என்ட்ரி பர்மிட் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த நிமிடமே அது ரத்து. திரும்பி வரும்போது சாதாரண சுற்றுலாப் பயணிபோல உள்ளே விடுவார்கள். நீங்கள் நீண்டகாலம் தங்குவதற்கு முதல் படியான நான்-ஓ விசாவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பர்மிட்டுக்கு டிஎம்8 என்ற படிவம். ஒரு முறைக்கு 1,000 பாட் (தாய்லாந்து நாணயம்), பலமுறை போய்வர 3,800 பாட். ஆண்டுக்கு நான்கு தடவை வெளியே போகிறவராக இருந்தால்தான் இரண்டாவது லாபம். பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்திலும் கிளம்பும்போது எடுக்க முடியும். ஆனால் குழந்தையையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு, போர்டிங் நேரம் நெருங்கும்போது அந்தக் கவுண்டரில் போய் நிற்பது வீண் பதற்றம். ஹுவா ஹின் இமிக்ரேஷன் அலுவலகத்திலேயே ஒரு காலையில் முடித்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் இதற்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ரீ-என்ட்ரி பர்மிட்டுக்குத் தனி ஆயுள் கிடையாது. எக்ஸ்டென்ஷன் எந்தத் தேதிவரையோ அதுவரைதான் அதுவும். ஆகஸ்ட் 15க்குப் பிறகு திரும்பினால் கையில் இருப்பது காலாவதியான பர்மிட். ஆகவே போகும் முன்பே அடுத்த ஆண்டுக்கான எக்ஸ்டென்ஷனை வாங்கிவிட வேண்டும். பொதுவாக முடிவுத் தேதிக்கு 30 நாள் முன்புதான் விண்ணப்பத்தை வாங்குவார்கள். உங்கள் கணக்கில் அது ஜூலை 16, அதாவது நீங்கள் லண்டனில் இருக்கும் நேரம். சில அலுவலகங்கள் 45 நாள் முன்பே வாங்கிக்கொள்கின்றன. விமான டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் முன்கூட்டியே கேளுங்கள். முடியாது என்று சொன்னால் வாதாட வேண்டாம், பயணத்தை ஜூலை 20க்குத் தள்ளுங்கள். டிக்கெட் மாற்றும் கட்டணம், புது விசாவுக்கு அலைவதைவிட எப்போதுமே மலிவு.

எக்ஸ்டென்ஷனுக்குக் கட்டணம் 1,900 பாட். அது பெரிய விஷயமில்லை. வங்கியில் கிடக்க வேண்டிய 8 லட்சம் பாட்தான் விஷயம். விண்ணப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பிருந்து அந்தப் பணம் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் மூன்று மாதம் குறையக் கூடாது. அதன்பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஜூலை தொடக்கத்தில் விண்ணப்பிப்பதாக இருந்தால் ஏப்ரல் கடைசியிலேயே பணம் முழுசாக இருக்க வேண்டும், லண்டனில் இருக்கும் ஆறு வாரமும் அதைத் தொடவே கூடாது. பயணச் செலவுக்கு அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டு, வந்ததும் போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அடுத்த ஆண்டு பாஸ்புக்கைப் புரட்டும் அதிகாரியின் விரல் சரியாக அந்த வரியில் போய் நிற்கும்.

வங்கிப் பணத்துக்குப் பதிலாக மாதம் 65,000 பாட் வருமானம் காட்டும் வழியும் உண்டு. முன்பு பிரிட்டிஷ் தூதரகம் வருமானக் கடிதம் தந்துகொண்டிருந்தது. 2019 தொடக்கத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததைத் தாய்லாந்து வங்கிக் கணக்குதான் காட்ட வேண்டும். அந்த வழியில் போகிறவர் லண்டனில் இருக்கும் மாதத்திலும் பணத்தை ஹுவா ஹின் கணக்குக்கே அனுப்பிவிட வேண்டும். "ஊரில்தானே இருக்கிறேன், பென்ஷன் இங்கேயே கிடக்கட்டும்" என்று விட்டால் அந்த மாதம் வெற்றிடம்.

இதே கேள்வியைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. டிடிவி, எல்டிஆர் போன்ற பலமுறை நுழைவு விசாவில் இருப்பவர்களுக்கு இந்த ரீ-என்ட்ரி கதை வேறு. உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பது விசாவா, எக்ஸ்டென்ஷனா என்று முதலில் பாருங்கள். இரண்டையும் "விசா" என்றே எல்லோரும் சொல்லிச் சொல்லி இந்தக் குழப்பம் ஊறிவிட்டது.

அப்புறம் உங்கள் சொந்த பாஸ்போர்ட். எக்ஸ்டென்ஷனை பாஸ்போர்ட் முடியும் தேதிக்கு மேல் தரமாட்டார்கள். எட்டு மாதம்தான் ஆயுள் மிச்சம் என்றால் எட்டு மாதத்துக்குத்தான் ஸ்டாம்ப் விழும், கட்டணம் மட்டும் முழுசு. தாய்லாந்திலிருந்தே புதுப்பித்தாலும் பாஸ்போர்ட் பிரிட்டனில் அச்சாகித்தான் வரும், வாரக்கணக்கில் ஆகும். பாங்காக் சாத்தோன் சாலையில் ஏஐஏ கட்டடத்தில் இருக்கும் பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் போய் நின்று பயனில்லை. அங்கே பாஸ்போர்ட்டும் புதுப்பிப்பதில்லை, விசாவும் தருவதில்லை. நெருக்கடி என்றால் அவசரப் பயண ஆவணம் ஏற்பாடு செய்வார்கள், அவ்வளவுதான்.

ஆறு வாரம் லண்டனில் இருக்கப் போகிறவர் அங்கேயே புதுப்பித்துக்கொள்வது எளிது. ஒரு வாரத்தில் கிடைக்கும் விரைவு வழியும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் எக்ஸ்டென்ஷனும் ரீ-என்ட்ரியும் பழைய பாஸ்போர்ட்டில் இருக்கின்றன. மூலையை வெட்டி ரத்து செய்த அந்தப் பழைய புத்தகம் தனித் தபாலில் திரும்பி வரும். அது கைக்கு வந்து சேராமல் விமானம் ஏறாதீர்கள். இரண்டையும் காட்டித்தான் தாய்லாந்துக்குள் நுழைய வேண்டும். பிறகு ஹுவா ஹின் அலுவலகத்தில் பழைய ஸ்டாம்புகளைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். மனைவி மக்களோடு பாரிஸ் ஒரு நடை போய்வரலாம் என்று திட்டம் இருந்தால், பாஸ்போர்ட் வழங்கிய தேதியையும் பாருங்கள். ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்குள் நுழையும் நாளில் அது பத்து ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாத ஆயுளும் வேண்டும். மனைவியின் பிரிட்டன் விசா ஷெங்கனுக்குச் செல்லாது. அது தனி விண்ணப்பம், தனிச் செலவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஈபிள் கோபுரம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். இந்த முறை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

இனி மகள். உங்கள் கேள்வியில் மிகக் கடினமான இடம் இதுதான். நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்.

நீங்கள் பிரிட்டனில் குடியுரிமை பெற்று அதன்பிறகு மகள் பிறந்திருந்தால், திருமண உறவில் பிறந்த அவள் பிறந்த நாளிலிருந்தே பிரிட்டிஷ் குடிமகள். குடியுரிமை வாங்கியவரின் பிள்ளைக்கு அது வராது என்று சிலர் சொல்வது தவறு. பிரிட்டனுக்கு வெளியே பிறந்து, வம்சாவளியால் மட்டும் குடியுரிமை வந்தவர்தான் வெளிநாட்டில் பிறக்கும் தன் பிள்ளைக்கு அதைத் தானாகக் கடத்த முடியாது. அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை, நாளை உங்கள் மகளுக்கு வரலாம். இங்கேதான் வேடிக்கை: பிரிட்டிஷ் குடிமகளுக்கு பிரிட்டன் விசா தரமாட்டார்கள். தாய்லாந்து பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு விசா இல்லாமல் விமானமும் ஏற முடியாது. அம்மாவோடு சேர்த்து அவளுக்கும் ஒரு விசிட்டர் விசா போட்டுவிடலாம் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்பா பிரிட்டிஷ் என்று விண்ணப்பத்தில் எழுதிய கணமே அது எங்கே போய் முடியும் என்று தெரியும். 2026 பிப்ரவரி 25 முதல் இரட்டைக் குடியுரிமைக்காரர்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையோ, வசிப்புரிமைச் சான்றையோ காட்ட வேண்டும் என்ற விதியையும் இறுக்கிவிட்டார்கள். 2026 தொடக்கத்தில் அந்தச் சான்றுக்குக் கட்டணம் 589 பவுண்டு. பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்க அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஆகவே வழி ஒன்றே: அவளுக்கு முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்.

முதல் பாஸ்போர்ட் புதுப்பிப்பதுபோல இல்லை, மாதக்கணக்கில் இழுக்கும். அவளுடைய தாய்லாந்துப் பிறப்புச் சான்றும் ஆங்கில மொழிபெயர்ப்பும், உங்கள் குடியுரிமைச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்று, அவளுடைய தாய்லாந்து பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தின் வண்ண நகல் (வெற்றுப் பக்கம் உட்பட) கேட்பார்கள். புகைப்படத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்திடுபவர் உறவினராக இருக்கக் கூடாது. உங்கள் குடியுரிமைச் சான்றிதழ் லண்டனில் தம்பி வீட்டுப் பரணில் கிடக்கிறது என்றால் இன்றே அவரை ஏணி போடச் சொல்லுங்கள்.

நம் பெயர்களுக்கென்றே ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. உங்கள் பெயர் சிவகுமாரன் என்று வைத்துக்கொள்வோம். மகள் பிறந்தபோது அதைத் தாய்லாந்து எழுத்தில் எழுதி குடும்பப் பெயராகப் பதிந்திருப்பார்கள். பிறகு பாஸ்போர்ட் எடுக்கும்போது அங்கே உள்ளவர் அதை மறுபடி ஆங்கில எழுத்தாக்குகிறார். உங்கள் பாஸ்போர்ட்டில் 'வி' இருக்கும் இடத்தில் மகளுடையதில் 'டபிள்யூ' வந்து உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஓர் எழுத்து உதிர்ந்தும் போயிருக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அலுவலகம் இரு நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் தாய்லாந்து பாஸ்போர்ட்டை உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி திருத்தி எடுத்துவிட்டு, அப்புறம் பிரிட்டிஷ் விண்ணப்பத்தை அனுப்புங்கள். வரிசை மாறினால் இரண்டு மாதம் போய்விடும்.

இரண்டு பாஸ்போர்ட்டும் வந்துவிட்டால் பயணம் எளிது. தாய்லாந்திலிருந்து வெளியேறுவதும் திரும்ப நுழைவதும் தாய்லாந்து பாஸ்போர்ட்டில். பிரிட்டனில் நுழைவது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில். செக்-இன் கவுண்டரில் இரண்டையும் காட்டுங்கள். மனைவியும் மகளும் உங்களுக்கு ஒரு வாரம் முன்பே போவதாக இருந்தால் பிறப்புச் சான்றின் மொழிபெயர்ப்பும் உங்கள் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும். அம்மா ஒரு குடும்பப் பெயர், பிள்ளை வேறு குடும்பப் பெயர் என்றால் பிரிட்டன் எல்லை அதிகாரி இரண்டு கேள்வி கேட்பார், அது வழக்கம்தான்.

திருமணம் பதியாமல் பிள்ளை பெற்றவர்களுக்கு நிலைமை இன்னும் சிக்கல். தாய்லாந்துச் சட்டத்தில் மணமாகாத தந்தைக்குத் தானாக உரிமை இல்லை. ஆம்பூர் எனப்படும் மாவட்ட அலுவலகத்தில் தாய் தனிப் பொறுப்பாளர் என்று தரும் 'போர் கோர் 14' சான்று வரை போகும். பிரிட்டன் பக்கத்திலும் 2006 ஜூலை 1க்கு முன் பிறந்த பிள்ளைக்கு மணமாகாத தந்தைவழிக் குடியுரிமை தானாக வருவதில்லை, பதிவு செய்து வாங்க வேண்டும். உங்களுக்கு இது தேவையில்லை.

மனைவியின் விசிட்டர் விசாவைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஆறு மாதம்வரை தங்க அனுமதிக்கும் சாதாரண விசாவுக்கு 2025 ஏப்ரல் நிலவரப்படி 127 பவுண்டு. இந்தக் கட்டணம் ஏறுமுகத்திலேயே இருக்கும், விண்ணப்பிக்கும் அன்று பாருங்கள். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கும் அதிகமாக முன்னதாக விண்ணப்பிக்க முடியாது. முடிவுக்குப் பொதுவாக மூன்று வாரம். ஆக ஏப்ரல் நடுவுக்கும் மே கடைசிக்கும் இடையில் போட்டால் சரி. ஏப்ரல் நடுவில் வரும் தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரான் விடுமுறை வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பணம் இருக்கிறதா என்பதைவிட, திரும்பி வருவார்களா என்பதுதான் விசா அதிகாரியின் கேள்வி. இதில் உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. வழக்கமாக பிரிட்டனில் வசிக்கும் கணவனைப் பார்க்கப் போகும் மனைவி அங்கேயே தங்கிவிடுவாரோ என்ற சந்தேகம் வரும். உங்கள் வீட்டில் கணவனே ஹுவா ஹின்வாசி. உங்கள் எக்ஸ்டென்ஷன் பக்கத்தின் நகல், வீட்டு வாடகை ஒப்பந்தம், மகளின் பள்ளி எப்போது திறக்கிறது என்று பள்ளி தரும் கடிதம், மூவருக்கும் ஒரே திரும்பும் தேதி: இந்த நான்கும், யார் செலவு செய்கிறார் என்று நீங்கள் எழுதும் ஒரு பக்கக் கடிதமும் போதும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மனைவியின் கணக்கில் திடீரென்று 3 லட்சம் பாட் போட்டு அழகு பார்க்காதீர்கள். அதுதான் நிராகரிப்புக் கடிதத்தில் முதல் பத்தியாக வரும். தாய்லாந்து மொழி ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி, பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் இருக்க வேண்டும். முத்திரை மட்டும் பளபளவென்று இருந்து இவை இல்லாத மொழிபெயர்ப்புகளைத் தெருவுக்குத் தெரு விற்கிறார்கள். திருமணச் சான்றான 'கோர் ரோர் 3' பூப்போட்ட அழகான தாள். ஆனால் விவரம் எல்லாம் இருப்பது பதிவேட்டு நகலான 'கோர் ரோர் 2'இல். இரண்டையும் வையுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். "முப்பது வருடம் வரி கட்டினேன், அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் என்னைப் பார்க்காதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்கும், பில்லும் தரும். இலவச சிகிச்சை அங்கே வழக்கமாக வசிப்பவர்களுக்கு. கட்டிய வரியும் தேசியக் காப்பீடும் கணக்கில் வராது. தாய்லாந்தோடு பரஸ்பர மருத்துவ ஒப்பந்தமும் இல்லை. இங்கிலாந்தில் வெளிநாட்டு வருகையாளர்களிடம் ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு என்எச்எஸ் விலையில் 150 சதவீதம் வாங்குகிறார்கள். ஜிபி எனப்படும் குடும்ப டாக்டரைப் பார்ப்பது இலவசம். தற்காலிக நோயாளியாகப் பதிந்துகொள்ளலாம். அவசரப் பிரிவிலும் காசு இல்லை, ஆனால் வார்டில் சேர்த்த நிமிடம் மீட்டர் ஓடத் தொடங்கும். மனைவிக்கும் இதே விதிதான். அவர் பெயரில் பில் பாக்கி நின்றால் அடுத்த விசாவுக்கும் அது இடைஞ்சல்.

ஆகவே காப்பீடு வேண்டும். இங்கே ஒரு பொறி: பிரிட்டனில் மலிவாக விற்கும் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை பிரிட்டனில் வசிப்பவருக்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் சொல்லும். தம்பி வீட்டு முகவரியைப் போட்டு வாங்கிவிட முடியும். கிளெய்ம் கேட்கும் நாளில்தான் உங்கள் ஜிபி பதிவு எங்கே என்று கேட்பார்கள். தாய்லாந்திலிருந்து கிளம்பும் பயணிக்கென்று தாய்லாந்து நிறுவனங்கள் தரும் பாலிசியை வாங்குங்கள். வயது வரம்பையும், ஏற்கனவே உள்ள நோய்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிட்டு.

பென்ஷன் விஷயத்தில் ஒரு சின்ன லாபம் உண்டு. தாய்லாந்தில் வசிப்பவருக்கு பிரிட்டிஷ் அரசு பென்ஷன் உறைந்துவிடும். ஆண்டு உயர்வு கிடையாது. பிலிப்பைன்ஸில் வசித்தால் உயரும், தாய்லாந்தில் உயராது. ஒப்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். 2016இல் முழுப் புதிய பென்ஷனோடு இங்கே வந்து தங்கியவர் இன்றும் வாரம் 155.65 பவுண்டுதான் வாங்குகிறார்; அதே பென்ஷன் பிரிட்டனில் 2025-26இல் 230.25. ஆனால் பிரிட்டனில் நீங்கள் இருக்கும் நாட்களுக்கு நடப்பு விகிதத்தில் கேட்டு வாங்கலாம். சர்வதேச பென்ஷன் மையத்துக்கு வரும் தேதியையும் போகும் தேதியையும் தெரிவிக்க வேண்டும், கேட்காமல் தரமாட்டார்கள். நீங்கள் அண்மையில்தான் வாங்கத் தொடங்கியவர் என்பதால் வித்தியாசம் பெரிதாக இருக்காது, ஆனாலும் உங்கள் காசு.

இதைவிட முக்கியம் உயிரோடு இருப்பதற்கான சான்றுப் படிவம். அது தபாலில் உங்கள் தாய்லாந்து முகவரிக்கு வரும். ஒரு சாட்சி கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பென்ஷனை நிறுத்திவைப்பார்கள். நீங்கள் இல்லாத ஆறு வாரத்தில் அது வந்து வாசல் தபால் பெட்டியில் மழையில் ஊறிக்கொண்டிருக்கக் கூடாது. ஜூலையும் ஆகஸ்டும் மழைக்காலம். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து, பழுப்பு உறை எது வந்தாலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வரி விஷயத்தில் ஆறு வார வருகைக்குப் பதற வேண்டியதில்லை. கடந்த மூன்று வரி ஆண்டுகளிலும் பிரிட்டன் வரிவாசியாக இல்லாதவர், ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரையான ஆண்டில் 46 நாளுக்குக் குறைவாக அங்கே இருந்தால் வேறு எதையும் பார்க்காமலேயே வெளிநாட்டுவாசிதான். நள்ளிரவில் அங்கே இருந்தால் அது ஒரு நாள். ஆறு வாரம் 42 இரவு. அதே வரி ஆண்டில் கிறிஸ்துமஸுக்கும் போனால் 46ஐத் தாண்டும். தாண்டினாலும் 90 நாள்வரை, குடும்பம், வீடு, வேலை என்று அவர்கள் பார்க்கும் நான்கு வகைத் தொடர்புகளும் பிரிட்டனோடு சேர்ந்தால்தான் வரிவாசி ஆவீர்கள். மனைவி, மகள் இருவரும் ஹுவா ஹின்னில் இருக்கும்போது அது நடக்காது. மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு வரம்பு 16 நாள், அவர்கள் மட்டும் கணக்கரைக் கேட்கட்டும்.

வங்கியும் போனும் சேர்ந்தே வரும் தொல்லை. பிரிட்டன் வங்கி ஓடிபி அனுப்பும் பிரிட்டிஷ் சிம் சில மாதம் பயன்படுத்தாமல் விட்டால் செத்துவிடும். இடையிடையே ஒரு செய்தி அனுப்பி உயிரோடு வைத்திருங்கள். தாய்லாந்து சிம்முக்குக் கிளம்பும் முன்பே ரோமிங் போட்டுவிடுங்கள், லண்டனில் இறங்கியபின் அதைப் போட ஓடிபி கேட்கும், ஓடிபி வர ரோமிங் வேண்டும். தாய்லாந்து வங்கிச் செயலியில் 50,000 பாட்டுக்கு மேல் அனுப்ப முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள். முகப்பதிவு வங்கிக் கிளையில் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காரோட்ட: பிரிட்டிஷ் உரிமத்தைப் புதுப்பிக்க அங்கே வசிக்க வேண்டும். உங்கள் பழைய உரிமம் காலாவதி என்றால் உறவினர் முகவரியில் புதுப்பிக்கும் வேலை வேண்டாம். வருகையாளர் தாய்லாந்து உரிமத்திலேயே 12 மாதம்வரை ஓட்டலாம். தம்பி காரை ஓட்டுவதானால் அவருடைய காப்பீட்டு நிறுவனம் வெளிநாட்டு உரிமத்தை ஏற்கிறதா என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

அங்கே இருக்கும்போது செய்துகொள்ள வேண்டிய வேலையும் உண்டு. விவாகரத்து ஆணை, பிறப்புச் சான்று போன்ற பிரிட்டிஷ் ஆவணத்தைத் தாய்லாந்து அலுவலகத்தில் காட்ட வேண்டி வந்தால் முதலில் பிரிட்டன் வெளியுறவுத் துறையின் சட்டபூர்வச் சான்று, பிறகு லண்டன் தாய்லாந்துத் தூதரக முத்திரை, இங்கே வந்து மொழிபெயர்ப்பு, தாய்லாந்து வெளியுறவு அமைச்சகம் என்று படி ஏற வேண்டும். முதல் இரண்டு படியையும் லண்டனில் இருக்கும்போதே முடிப்பது சுலபம். ஹுவா ஹின்னிலிருந்து கூரியரில் செய்வது காசுக்கும் பொறுமைக்கும் கேடு.

திரும்பும்போது மருந்துப் பையைப் பாருங்கள். பிரிட்டன் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் கோடீன் கலந்த வலி மாத்திரையும், சூடோஎபெட்ரின் உள்ள சளி மருந்தும் தாய்லாந்தில் கட்டுப்பாட்டு மருந்துகள். தேவையென்றால் தாய்லாந்து மருந்து நிர்வாகத்திடம் முன் அனுமதி, டாக்டர் சீட்டு இரண்டும் வேண்டும். உறவுக்காரப் பையன் ஆசையாக வாங்கித் தரும் மின்சிகரெட்டை அங்கேயே விட்டுவிடுங்கள், தாய்லாந்துக்குள் அதைக் கொண்டுவரத் தடை.

2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லோரும் தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். நீங்கள் பத்து ஆண்டு வசிப்பவராக இருந்தாலும் விலக்கில்லை. மனைவிக்கும் மகளுக்கும் தேவையில்லை, அவர்கள் தாய்லாந்துக் குடிமக்கள். இமிக்ரேஷன் துறையின் தளத்தில் இது இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பவை காசு பிடுங்கும் போலித் தளங்களாக இருக்கும். இமிக்ரேஷனுக்கு முகவரியைத் தெரிவிக்கும் 90 நாள் அறிக்கைக்கான எண்ணிக்கை நீங்கள் இறங்கும் நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். போகும் முன் எஞ்சியிருந்த நாட்களைச் சேர்க்காதீர்கள். வெளிநாட்டவர் தங்கும் முகவரியை வீட்டுக்காரர் பதியும் டிஎம்30 விஷயத்தில், ரீ-என்ட்ரியோடு அதே முகவரிக்குத் திரும்புகிறவர் மறுபடி பதிய வேண்டாம் என்று 2020இல் தளர்த்தினார்கள். ஆனால் சில உள்ளூர் அலுவலகங்கள் அப்போதும் கேட்கும். வீட்டுக்காரரைப் போட்டுவிடச் சொல்லி ரசீதை வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக இமிக்ரேஷன் கவுண்டர். ரீ-என்ட்ரி பர்மிட் குத்திய பக்கத்தில் ஒரு சீட்டுத் துண்டைச் செருகி, அந்தப் பக்கத்தைத் திறந்தே அதிகாரியிடம் நீட்டுங்கள். இல்லையென்றால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றதும் கை பழக்கத்தில் சுற்றுலாப் பயணிக்குப் போடும் விசா விலக்கு ஸ்டாம்பைப் போட்டுவிடுவார்கள். நகரும் முன் ஸ்டாம்பில் எழுதிய தேதியைப் படியுங்கள்: உங்கள் எக்ஸ்டென்ஷன் முடியும் தேதி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15, இருக்க வேண்டும். வேறு தேதி இருந்தால் அங்கேயே, அந்த அதிகாரியிடமே சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருவார். பெல்ட்டில் பெட்டி வந்துவிட்டதா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.